ஆஃப் பண்ணக் கூடாத வண்டி

மாஸ்டரிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு முதல் நாள் பாடம் கிளட்சும் இல்லை, கியரும் இல்லை. இன்ஜினை ஆஃப் பண்ணக் கூடாது, அவ்வளவுதான். ஒருவர் ஓட்டி முடித்து இன்னொருவர் அந்த சீட்டில் ஏறும்போதும் வண்டி உறுமிக்கொண்டே நிற்க வேண்டும். டீக்கடையில் நிறுத்தினாலும் உறும வேண்டும். யாராவது ஞாபக மறதியாகச் சாவியைத் திருப்பிவிட்டால் அன்றைய வகுப்பு அத்தோடு சரி. மிச்ச நேரம் முழுக்க எல்லோரும் இறங்கி, வண்டியை ஏதாவது ஒரு நிழலுக்குத் தள்ளிக்கொண்டு போக வேண்டியதுதான்.

“ஓடுற வண்டியை ஆஃப் பண்றவன் டிரைவரே இல்ல. பயந்தாங்கொள்ளி” என்பார் மாஸ்டர். மாணவர்கள் பயபக்தியோடு தலையாட்டுவார்கள். பணத்தைக் கட்டிவிட்டவர்களுக்கு வேறு என்ன வழி?

விஷயம் என்னவென்றால், வண்டிக்கு ஒரு வியாதி. காலையில் சாவியைத் தொட்டாலே துள்ளிக் கிளம்பும். நன்றாக ஓடி இன்ஜின் சூடேறிய பிறகு ஆஃப் பண்ணினால் மட்டும், மறுபடி சாவியைத் திருப்பும்போது ‘கர்ர கர்ர கர்ர’ என்று சுற்றும், பிடிக்காது. தள்ளினாலும் பிடிக்காது. கெஞ்சினாலும் திட்டினாலும் ஒன்றுதான். ஆற அமர ஒரு சாப்பாடும் ஒரு தூக்கமும் முடித்துவிட்டு வந்து திருப்பினால், ‘என்னையா சொன்னீங்க?’ என்பதுபோல் சட்டென்று கிளம்பிவிடும். பெட்ரோல் பங்க்கில் ஓடும் இன்ஜினுக்குப் பெட்ரோல் ஊற்ற மாட்டார்கள் என்பதால், மாஸ்டர் விடிந்ததும் விடியாததுமாகப் போய், சூடேறுவதற்குள் ஊற்றிக்கொண்டு வந்துவிடுவார். அதையும் அவர் ‘நேரந்தவறாமை’ என்றுதான் மாணவர்களிடம் சொல்லிக்கொள்வார்.

மாஸ்டரின் மனைவியைத் தெருவில் எல்லோரும் மாஸ்டரம்மா என்று கூப்பிட்டார்கள். ஸ்கூலின் போனை எடுப்பது, வண்டியைக் கழுவுவது, மாணவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது, வண்டி நின்றுபோனால் பின்பக்கம் தள்ளுவது எல்லாம் அவள்தான். ஓட்டுவது மட்டும் அவள் இல்லை. “நான் இருக்கேன்ல, உனக்கு எதுக்கு லைசென்ஸ்?” என்று மாஸ்டர் கல்யாணமான நாள் முதல் கேட்டுவந்தார். அதற்குப் பதிலாக ஒரு வேலை வந்து சேர்ந்தது.

மருந்துக் கடைகளுக்குச் சரக்கு கொண்டுபோகிற கம்பெனியில் வேன் ஓட்ட ஆள் வேண்டுமாம். அதன் மேனேஜர் அம்மாவுக்கு மாஸ்டரம்மாவை ஏற்கெனவே தெரியும். போனில் ஸ்கூல் கணக்கு வழக்கை அவள் சமாளிக்கிற அழகைப் பார்த்து, “நீங்க வாங்க. லைசென்ஸ் மட்டும் கொண்டாங்க” என்று சொல்லிவிட்டாள். மாதச் சம்பளம், பெயர் போட்ட அட்டை, வீட்டுக்கு வெளியே ஒரு பகல். மாஸ்டரம்மாவுக்கு அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. சந்தோஷத்தில் இறங்காத சோறும் உண்டு.

அதன் பிறகு மாஸ்டரை நச்சரித்து, மாணவர்களோடு மாணவியாக ஓட்டக் கற்றுக்கொண்டு டெஸ்டுக்குப் போனாள். ஃபெயில். மறுபடியும் போனாள். மறுபடியும் ஃபெயில். இரண்டு தடவையும் ஒரே கதை. டெஸ்ட் மைதானத்தில் வரிசையில் நிற்கும் வண்டிகள் இன்ஜினை ஆஃப் பண்ணியாக வேண்டும். புகை இன்ஸ்பெக்டருக்கு ஆகாது. வீட்டிலிருந்து கொதிக்கக் கொதிக்க ஓடிவந்த வண்டி வெயிலில் அணைந்து நிற்கும். அவள் முறை வரும்போது, இன்ஸ்பெக்டர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, “ம், எடுங்க” என்பார். கர்ர கர்ர கர்ர.

“வண்டியைக் கிளப்பவே தெரியாதவங்களுக்கு லைசென்ஸ் குடுத்தா நாளைக்கு என்னைத்தான் திட்டுவாங்க” என்று சொல்லி இறங்கிவிடுவார்.

மூன்றாவது தடவையும் ஃபெயிலானால் அரை வருஷம் காத்திருக்க வேண்டும் என்பது சட்டம். மேனேஜர் அம்மா அவ்வளவு நாள் காத்திருக்க மாட்டாள். “இந்த வாரம் பார்ப்பேன். அப்புறம் வேற ஆளைப் போட்டுடுவேன், தப்பா நினைக்காதீங்க” என்று தேன் தடவிச் சொல்லிவிட்டாள். வேறு ஸ்கூல் வண்டியில் டெஸ்ட் கொடுக்கலாமே என்றால், மாஸ்டருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

“அடுத்தவன் வண்டியில என் பொண்டாட்டி ஏறி டெஸ்ட் குடுத்தா, நான் ஸ்கூலை மூடிட்டுக் கீரை விக்கப் போக வேண்டியதுதான்.”

“கீரையாவது ஆறினா கிளம்பும், சூடானா கிளம்பாதுன்னு இல்லாம ஒழுங்கா இருக்கும்” என்றாள் அவள்.

மாஸ்டரின் அக்கா அந்த வீட்டிலேயே இருந்தாள். தம்பியின் பெருமையைக் காப்பதே அவளுடைய முழுநேர உத்தியோகம். “என் தம்பி கை வச்ச பொருள் கெட்டுப்போனதா சரித்திரமே கிடையாது” என்று உடனே முட்டுக்கொடுத்தாள்.

சரித்திரம் அந்த வீடு முழுக்கச் சிதறிக் கிடந்தது. கூடத்து ஃபேன் சுவிட்சைப் போட்டால் சுற்றாது. துடைப்பக் கட்டையால் ஒரு தட்டு தட்டிவிட வேண்டும். குளியலறைக் குழாயைத் திறப்பதற்கு மூடுகிற பக்கம் திருப்ப வேண்டும். மிக்ஸி ஓடினால் காலிங் பெல் அடிக்கும். எல்லாம் மாஸ்டர் கைவண்ணம். யாராவது விருந்தாளி வந்தால், வீட்டைச் சுற்றிக் காட்டி எதை எப்படித் தொட வேண்டும் என்று பாடம் எடுத்த பிறகுதான் உட்காரவே வைப்பார்கள்.

வண்டியிலும் அவர் கைவண்ணம் ஒன்று இருந்தது. அதற்கு அவர் வைத்த பெயர் அவசர சுவிட்ச். கற்றுக்கொடுக்கிறவர் உட்காரும் பக்கத்தில் ஒரு சிவப்பு பட்டன். பழைய காலிங் பெல்லிலிருந்து கழற்றியது. அக்காவின் நகப்பூச்சால் சிவப்பாக்கியது. அதை அமுக்கினால் பெட்ரோல் பம்புக்குப் போகிற கரண்ட் அறுந்து, வண்டி இரண்டு இருமல் இருமிவிட்டு அணைந்துவிடும். இதற்கான வயர்களையெல்லாம் ஒரு மாத்திரை டப்பாவுக்குள் திணித்து, கறுப்பு டேப் சுற்றோ சுற்றென்று சுற்றி, பானெட்டுக்கு அடியில் இன்ஜினை ஒட்டிக் கட்டிவைத்திருந்தார். புது மாணவர்கள் வந்தால் காலையில், வண்டி ஆறியிருக்கும்போது, ஒரே ஒரு தடவை அமுக்கிக் காட்டுவார். மற்ற நேரத்தில் அமுக்க முடியாது. அமுக்கினால் வண்டி அணைந்துவிடுமே! அப்புறம் யார் கிளப்புவது? அவசரத்துக்கு என்று வைத்த சுவிட்சை அவசரத்தில் தொட முடியாது என்பது மாஸ்டரைத் தவிர எல்லோருக்கும் விளங்கியிருந்தது.

வியாதிக்கு வைத்தியம் பார்க்காமல் இல்லை. பிளக் மாற்றினார்கள். காயில் மாற்றினார்கள். ஏதோ சென்சார் என்றார்கள், அதையும் மாற்றினார்கள். பெட்ரோல் பம்பே புதிதாக வந்தது. வைத்தியர் தெருக்கோடி மெக்கானிக். எதைக் கேட்டாலும் ‘நாளைக்கு’ என்பதால் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது. வண்டியைக் கொண்டுபோய் விட்டால் நாளைக்குப் பார்க்கிறேன் என்பார். நாளைக்கு அது ஆறிக் குளிர்ந்து கிடக்கும். சாவியைத் திருப்புவார், சிட்டாகக் கிளம்பும். “நல்லாத்தானே இருக்கு மாஸ்டர்” என்பார். டாக்டரைக் கண்டதும் காய்ச்சல் விட்டுவிடுகிற பிள்ளை மாதிரி அந்த வண்டி அவர் பெயரையே கெடுத்துக்கொண்டிருந்தது.

மூன்றாவது டெஸ்டுக்கு இரண்டு நாள் முன்பு மாஸ்டரம்மா ஓட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மாஸ்டர். ஊரைச் சுற்றி வண்டி நன்றாகக் கொதித்திருந்தது. நேராகப் போ என்றார் மாஸ்டர். அவள் நேராகப் போகவில்லை. ஒடித்துத் திருப்பி மெக்கானிக் பட்டறைக்குள் விட்டு, நடுவாசலில் நிறுத்தி, சாவியைத் திருப்பி ஆஃப் பண்ணினாள்.

“அடிப்பாவி!” என்று அலறினார் மாஸ்டர்.

“அண்ணே, இப்ப வந்து ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க” என்று மெக்கானிக்கைக் கூப்பிட்டாள் அவள். “இப்பவே. நாளைக்கு இல்ல.”

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து சாவியைத் திருப்பினார். கர்ர கர்ர கர்ர. முகம் மலர்ந்துவிட்டது அவருக்கு. இத்தனை நாள் காதால் கேட்டதை இன்றுதான் கண்ணால் பார்க்கிறார்.

“சுத்துது. பிடிக்கல” என்றார். “அப்ப ரெண்டுல ஒண்ணு. பெட்ரோல் வரல, இல்லன்னா தீப்பொறி வரல.” ஒரு பிளக்கைக் கழற்றி வைத்து மறுபடி சுற்றவிட்டார். பொறி பளிச்சென்று தெறித்தது. “பொறி இருக்கு. பெட்ரோல்தான்.”

“பம்பு புதுசு. நீதானே மாத்தின?” என்றார் மாஸ்டர்.

“பம்பு புதுசுதான். அதுக்குக் கரண்ட் வருதான்னு பாக்கணும்” என்று சொல்லிக்கொண்டே வயரைப் பிடித்து விரலால் தடவிக்கொண்டு போன மெக்கானிக், கறுப்பு டேப் சுற்றிய டப்பாவில் வந்து முட்டிக்கொண்டார்.

“கையை எடு!” என்று பாய்ந்தார் மாஸ்டர். “அதைத் தொடாத. அது நான் பண்ணது.”

“வயர் இதுக்குள்ளதான் போகுது மாஸ்டர்.”

“போகும். நான்தானே போட்டேன்? அதைத் தவிர எல்லாத்தையும் பாரு.”

“மத்ததெல்லாம் மாத்தியாச்சே.”

“இன்னொரு தடவை மாத்து.”

மெக்கானிக் அவரைப் பார்த்தார். பிறகு மாஸ்டரம்மாவைப் பார்த்தார். வியாபாரம் தெரிந்த மனுஷன். “அப்ப நாளைக்குப் பார்க்கலாம்” என்றார்.

மறுநாள் மதியம். காலை வகுப்பு முடிந்து வண்டி சூட்டோடு வாசலில் நின்றது. மாஸ்டர் சாப்பிட்டுவிட்டு, துடைப்பக் கட்டையால் ஃபேனைத் தட்டிவிட்டு, அதன் அடியில் படுத்துக் குறட்டையை ஆரம்பித்தார். மாஸ்டரம்மா ஒரு குண்டான் நிறைய ஐஸ் தண்ணீரும் இரண்டு பழைய துண்டுகளும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

அவளுக்கு ஒரு சத்தம் தெரியும். மற்றவர்கள் ஓட்டும்போதெல்லாம் அவள் பின் சீட்டில் தன் முறைக்காகக் காத்துக் கிடந்தவள். அவள் முறை எப்போதுமே கடைசி. காலையில் சாவியைப் பாதி திருப்பினதும் சீட்டுக்கு அடியில் ‘ஞொய்’ என்று ஒரு முனகல் கேட்கும், பம்பு தயாராகிற சத்தம். வண்டி சூடாக அணைந்திருக்கும்போது அந்த முனகல் வராது. இதை ஒரு தடவை மாஸ்டரிடம் சொன்னபோது, “உன் வயித்துச் சத்தமா இருக்கும், சாப்பிட்டியா?” என்று கேட்டார்.

இப்போது சாவியைப் பாதி திருப்பினாள். சத்தம் இல்லை. சரி.

ஈரத் துண்டைப் பிழிந்து, புதிதாக மாற்றிய சென்சார்மேல் போட்டாள். காத்திருந்து திருப்பினாள். இல்லை. காயில் மேல் போட்டாள். இல்லை. பெட்ரோல் குழாய் மேல் சுற்றினாள். இல்லை. மாஸ்டரின் அக்கா வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள்.

“என்னடி, வண்டிக்கு ஒத்தடம் குடுக்கிற?”

“காய்ச்சல் அண்ணி. தலை தெரியல, அதான் தேடறேன்.”

கடைசித் துண்டை நன்றாக நனைத்துக் கறுப்பு டப்பாவைப் போர்த்தினாள். மேலே ஐஸ் கட்டிகளை அடுக்கினாள். நின்றாள். உள்ளே போய்ச் சாவியைப் பாதி திருப்பினாள்.

ஞொய்.

முழுக்கத் திருப்பினாள். வண்டி கிளம்பியது. அவள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, அக்கா உள்ளே போய்த் தம்பியை எழுப்பினாள்.

மாஸ்டர் லுங்கியைச் செருகிக்கொண்டே வந்தார். அவள் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, வக்கீல் கேட்கிற மாதிரி கேட்டார்.

“முடிச்சிட்டியா?”

“முடிச்சிட்டேன். அந்த டப்பாதாங்க. அதைக் கழட்டிடுங்க.”

“அதை யார் பண்ணது?”

“நீங்கதான்.”

“அப்ப அது எப்படிக் கெட்டுப்போகும்?”

மாஸ்டரம்மா ஈரத் துண்டைப் பிழிய ஆரம்பித்தாள்.

“ஐஸ் வச்சா எதுதான் ஆறாது? அதுக்குள்ள நேரமாயிடுச்சு, வண்டி தானா ஆறிடுச்சு” என்றார் மாஸ்டர். “கோளாறு வண்டியில இல்லடி. உன் கால்ல. நீ பயத்துல ஆக்சிலேட்டரை மிதிக்கிற, வண்டிக்குப் பெட்ரோல் முட்டிக்குது. வண்டிக்கும் மனசு இருக்கு, தெரிஞ்சுக்க. பயந்தவங்க உக்காந்தா அது கிளம்பாது.”

“நீங்க உக்காந்தாலும் கிளம்பலையே.”

“நான் உக்காரும்போது நீ பக்கத்துல இருக்கியே.”

அக்கா பெருமூச்சு விட்டாள். “அவன் படிச்சிருந்தா எங்கேயோ போயிருப்பான்” என்றாள்.

சாயங்காலம் மாஸ்டர் முடிவெட்டக் கிளம்பினார். மறுநாள் டெஸ்ட் மைதானத்தில் மற்ற ஸ்கூல் மாஸ்டர்களெல்லாம் வருவார்கள். மீசைக்கு மை அடிக்க வேண்டும். அவர் தெருமுனை திரும்பினாரோ இல்லையோ, மாஸ்டரம்மா மெக்கானிக்குக்குப் போன் போட்டாள்.

“நாளைக்கு...” என்று ஆரம்பித்தார் அவர்.

“நாளைக்கு எனக்கு டெஸ்டுண்ணே. இன்னிக்கு வரலன்னா, நீங்க மாத்தினதுல எதெதெல்லாம் தேவையில்லாம மாத்தினதுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு வருவேன்.”

அவர் வந்த வேகத்தில் செருப்பு மாறிப்போட்டிருந்தார்.

டேப்பைப் பிரித்து டப்பாவைத் திறந்தார்கள். உள்ளே ஒரு சின்ன ரிலே இருந்தது, கட்டைவிரல் பருமன். எந்தப் பழைய சாமானிலிருந்து பிடுங்கியதோ, ஓரமெல்லாம் கருகிப் பழுத்திருந்தது. மெக்கானிக் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதுல ஒரு காந்தம் இருக்கும்மா. சாவியைத் திருப்பினா அது இழுத்துப் பிடிக்கணும், அப்பத்தான் பம்புக்குக் கரண்ட் போகும். சூடு ஏறிட்டா இதுக்கு இழுக்கத் தெம்பு பத்தல. முன்னாடியே பிடிச்சிருந்தா, எவ்வளவு சூடானாலும் விடாது. ஒருக்கா விட்டுச்சோ, ஆறுறவரைக்கும் வழிக்கு வராது.”

“எங்க வீட்ல பெருசா ஒண்ணு இருக்கு, இதே மாதிரி” என்றாள் மாஸ்டரம்மா.

மெக்கானிக் சிரிக்கலாமா கூடாதா என்று யோசித்து, சிரித்துவிட்டார். டப்பாவுக்குள் போகிற வயரையும் வெளியே வருகிற வயரையும் நேராக முறுக்கி இணைத்தார். ரிலே வெறுமனே கிடந்தது. டப்பாவை மூடி, பழையபடி கறுப்பு டேப் சுற்றி, அதே இடத்தில் கட்டினார். பார்க்கிறவர்களுக்கு மாஸ்டரின் கண்டுபிடிப்பு அப்படியே இருந்தது, வேலைதான் இல்லை. வண்டியை ஓடவிட்டுச் சூடேற்றி, ஆஃப் பண்ணித் திருப்பினார். கிளம்பியது. மறுபடியும். கிளம்பியது.

“மாஸ்டருக்குத் தெரிஞ்சா என்னைக் கொன்னுடுவார்.”

“அவருக்குத் தெரியணும்னா அந்தப் பட்டனை அமுக்கணும். அமுக்கினா வண்டி நின்னுடும்னு பயந்து அவர் அமுக்க மாட்டார்” என்றாள் அவள். கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஒன்றை மட்டும் அவள் கணக்கில் சேர்க்கவில்லை. மாஸ்டர் அமுக்க மாட்டார்தான். ஆனால் மீசைக்கு மை அடித்துக்கொண்டு வந்த மனுஷன், பெரிய மனிதர் யாராவது பக்கத்தில் உட்கார்ந்தால் சும்மா இருப்பாரா?

மைதானத்தில் வெயில் மண்டையைப் பிளந்தது. வரிசையில் வண்டிகள் அணைந்து நின்றன. பக்கத்து ஸ்கூல் மாஸ்டர் ஒருவர் ஜன்னல் வழியே குனிந்து, “என்ன மாஸ்டர், இன்னிக்கும் தள்ள ஆள் வேணுமா? எங்க பசங்க சும்மாதான் நிக்கிறாங்க” என்றார். மாஸ்டர் காதில் விழாததுபோல் மீசையைத் தடவினார். கையில் மை ஒட்டியது.

முறை வந்தது. இன்ஸ்பெக்டர் முன் சீட்டில் ஏறினார். மாஸ்டர் பின்னால் உட்கார்ந்தார். இன்ஸ்பெக்டர் மாஸ்டரம்மாவைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டு பெருமூச்சு விட்டார்.

“எடுங்க, பார்ப்போம்.”

அவள் சாவியைத் திருப்பினாள். வண்டி கிளம்பியது. பின்னால் மாஸ்டர் மூச்சை விட்ட சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அவருக்கே அது அதிசயம். ஆனால் அதிசயத்தைத் தன் கணக்கில் வரவு வைக்க அவருக்கு அரை நிமிஷம்கூடத் தேவைப்படவில்லை.

“பார்த்தியா, பயப்படாம உக்காரச் சொன்னேன்ல?” என்றார். “எல்லாம் நான் சொல்லிக்குடுத்ததுதான் சார்.”

“பேசாம வாங்க” என்றார் இன்ஸ்பெக்டர்.

வளைவு, பின்பக்கம் எடுத்தல், கோட்டுக்குள் நிறுத்தல் எல்லாம் ஒழுங்காகப் போயின. கடைசியாக மேட்டில் ஏறும்போது இன்ஸ்பெக்டரின் கண் சிவப்பு பட்டனில் விழுந்தது.

“இது என்ன?”

மாஸ்டர் இரண்டு சீட்டுக்கும் நடுவில் தலையை நீட்டினார்.

“என் கண்டுபிடிப்பு சார். அவசர சுவிட்ச். படிக்கிறவங்க தப்பா ஓட்டினா ஒரே அமுக்கு, வண்டி அப்படியே நின்னுடும். வெளிநாட்டுல கூட இல்ல சார். அமுக்கிப் பாருங்களேன்.”

“ஓடும்போதா?”

“ஓடும்போதுதான் சார் அதோட மகிமையே.”

அவர் நினைத்தது என்ன என்பது அவருக்கே வெளிச்சம். மேட்டு நடுவில், கொதிக்கிற இன்ஜினோடு வண்டி அணைந்தால், போன இரண்டு தடவை மாதிரி மனைவியின் டெஸ்ட் அதோடு போய்விடும் என்பதுகூட அவருக்கு அந்த நேரத்தில் நினைவில்லை. பெரிய மனிதர் ஒருவர் தன் பட்டனை அமுக்கப்போகிறார், அவ்வளவுதான் அவர் கண்ணுக்குத் தெரிந்தது. மாஸ்டரம்மா கண்ணாடியில் அந்த முகத்தைப் பார்த்தாள். பண்டிகைக் கடை முன்னால் நிற்கிற குழந்தையின் முகம்.

இன்ஸ்பெக்டர் அமுக்கினார். வண்டி பாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது. இன்னொரு தடவை அமுக்கினார். அழுத்திப் பிடித்தார். வண்டி கம்பீரமாக மேட்டு உச்சிக்கு வந்து நின்றது. அவள்தான் பிரேக் போட்டாள்.

“இது வேலை செய்யலையே.”

மாஸ்டரின் முகத்தில் ஈயாடவில்லை. பட்டனைப் பார்த்தார். பிறகு கை தானாக நீண்டு மனைவியைக் காட்டியது.

“இவதான் சார்! இவதான் ஏதோ பண்ணியிருக்கா! நேத்திலருந்தே அந்த டப்பா மேல கண்ணு சார் இவளுக்கு. நான் பண்ணது கெட்டுப்போகவே போகாது சார்!”

லைசென்ஸ் போகும், வேலை போகும், மனைவி மாட்டிக்கொள்வாள் என்று ஒரு நொடியாவது யோசித்தாரா? யோசிக்கவில்லை. அதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. கோபம்கூட வரவில்லை, எல்லாம் ரொம்பத் தெளிவாகத் தெரிந்தது.

“ஆமா சார். நான்தான் கழட்டச் சொன்னேன்” என்றாள். “அது இருந்தா சூட்டுல வண்டி கிளம்பாது. பம்புக்குப் போற கரண்டை அது பிடிச்சு வச்சுக்குது.”

இன்ஸ்பெக்டர் அவளைப் பார்த்தார். “அப்ப போன ரெண்டு தடவை?”

“அதுவும் அதேதான் சார்.”

“உங்களுக்கு ஸ்டார்ட் பண்ணத் தெரியாதுன்னு எழுதினேனே.”

“எழுதினீங்க சார்.”

இன்ஸ்பெக்டர் கொஞ்சம் நெளிந்தார். அவருக்கும் ஒரு பெருமை இருக்கும் அல்லவா? “ஆஃப் பண்ணுங்க” என்றார்.

மேட்டு உச்சியில் அவள் இன்ஜினை ஆஃப் பண்ணினாள். வெயிலில் பானெட்டிலிருந்து அனல் அலை அலையாக ஏறியது. இன்ஸ்பெக்டர் வேண்டுமென்றே வாட்சைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கீழே வரிசையில் நின்ற மாஸ்டர்களெல்லாம், ‘ஆச்சு, இன்னிக்கும் அவ்வளவுதான்’ என்று கழுத்தை நீட்டினார்கள். ஒருத்தர் சட்டைக் கையை மடித்துக்கொண்டார், தள்ளுவதற்கு.

“கிளப்புங்க.”

ஞொய் என்றது சீட்டுக்கு அடியில். கிளம்பியது.

“இன்னொரு தடவை.”

கிளம்பியது.

இன்ஸ்பெக்டர் பின்னால் திரும்பினார். “வண்டியில சொந்தமா எதையாவது மாட்ட யாரைக் கேட்டீங்க?”

“பாதுகாப்புக்குத்தான் சார்...”

“பாதுகாப்புக்குத்தான் இந்தப் பக்கமும் பிரேக் குடுத்திருக்கே? அந்த டப்பாவையும் பட்டனையும் பிடுங்கிப் போட்டுட்டுத்தான் இந்த வண்டி இனிமே உள்ள வரணும். இல்ல, ஸ்கூலுக்கே சீல் வச்சிடுவேன்.” தாளில் கையெழுத்துப் போட்டு மாஸ்டரம்மாவிடம் நீட்டினார். “பாஸ். போங்க.”

இன்ஸ்பெக்டர் இறங்கிப் போய்ச் சொன்ன இந்தக் கதை மைதானம் முழுக்கப் பரவிவிட்டது. பக்கத்து ஸ்கூல் மாஸ்டர் ஓடிவந்து, “மாஸ்டர், உங்க ஸ்கூல்ல இனி அம்மாதான் சொல்லிக்குடுப்பாங்களா? நானும் சேர்ந்துக்கலாமா?” என்றார். மற்றவர்கள் சிரித்த சிரிப்பில் மாஸ்டரின் மை மீசை இன்னும் கறுத்தது.

மைதானத்தை விட்டுக் கிளம்பினார்கள். அவள் ஓட்டினாள். மாஸ்டர் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்த சீட்டில், கையைக் கட்டிக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். ஆனால் அவர் காலடியில் இரண்டாவது பிரேக் இருந்தது.

முதல் திருப்பத்தில் அவர் அதை மிதித்தார். வண்டி குலுங்கியது. அடுத்த திருப்பத்திலும் மிதித்தார். ஒரு சைக்கிள்காரர் நூறு அடி தள்ளிப் போய்க்கொண்டிருந்தார்; அதற்கும் மிதித்தார்.

“என்னங்க அது?”

“நீ வேகமாப் போற.”

“இது ரெண்டாவது கியர்.”

“எனக்குத் தெரியாதா? நான்தானே உனக்குச் சொல்லிக்குடுத்தேன்?” கொஞ்ச தூரம் போனதும் ஆரம்பித்தார். “எல்லார் முன்னாடியும் என் மானத்தை வாங்கிட்ட. ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னேனே. என் கால்ல கோளாறுன்னீங்க.”

“அது வேற விஷயம்.”

“இன்ஸ்பெக்டர்கிட்ட என்னைக் காட்டிக் குடுத்தீங்களே, அதுவும் வேற விஷயமா?”

பதிலுக்குப் பிரேக்தான் வந்தது. பின்னால் வந்த லாரி ஹாரனை அலறவிட்டு, திட்டிக்கொண்டே தாண்டிப் போனது.

அவள் வண்டியை ஓரம் கட்டினாள். இன்ஜினை ஆஃப் பண்ணினாள்.

“இறங்குங்க.”

“எதுக்கு?”

“இறங்கிப் பின்னாடி உக்காருங்க.”

“என் வண்டிடி இது!”

“சாவி என்கிட்ட இருக்கு. நடந்து வர்றதுன்னாலும் வாங்க, எனக்கு ஒண்ணுமில்ல. மேனேஜர் அம்மா மூணு மணிக்குள்ள வரச் சொல்லியிருக்காங்க.”

மாஸ்டர் வெளியே பார்த்தார். நிழலே இல்லாத சாலை. வெயில் தார் மேல் பளபளத்தது. முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்க, கதவைப் படாரென்று திறந்து, படாரென்று சாத்தி, பின் கதவைப் படாரென்று திறந்து உள்ளே உட்கார்ந்தார்.

அவள் கிளப்பினாள். மெதுவாகச் சாலையில் ஏறி, மூன்றாவது கியருக்கு மாற்றினாள். பின் சீட்டில் நடுவில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த மாஸ்டருக்கு ரொம்ப நேரம் பொறுக்கவில்லை.

“மருந்துக் கம்பெனிக்கா போற? இப்படியே போனா நேரமாகும். இடது பக்கம் ஒடிச்சுப் போ, நான் வழி சொல்றேன்” என்று தலையை முன்னால் நீட்டினார்.

அவள் கண்ணாடியைப் பார்த்தாள்.

“தலையைக் கொஞ்சம் ஓரமா வச்சுக்குங்க” என்றாள். “பின்னாடி வர்ற வண்டி தெரியல.”